ஏர்போர்ட் லவுஞ்சில் டிப்ஸ்: யாருக்கு, எப்போது, எவ்வளவு

எனக்கு முன்னால் நின்றவர் ஒரு கிளாஸ் ஒயின் வாங்கினார். வாங்கிய கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை உருவி, கவுண்டர் ஓரத்தில் இருந்த கண்ணாடி ஜாடிக்குள் போட்டுவிட்டுப் போனார். அடுத்தது என் முறை. விமானத்துக்குக் காத்திருக்கும் பயணிகள் உட்கார்ந்து சாப்பிட, ஓய்வெடுக்க இருக்கும் இடம்தான் லவுஞ்ச். அமெரிக்க லவுஞ்ச் ஒன்றுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே எல்லாம் இலவசம் என்று நம்பித்தான் வந்திருந்தேன். பர்ஸில் இருந்ததோ ஒரே ஒரு நூறு டாலர் நோட்டு. பார்காரர் சிரித்த முகத்தோடு சோடாவை நீட்டினார். நான் ஜாடியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கிளாஸை எடுத்துக்கொண்டு, தூரத்து நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். இன்னொரு சோடா வேண்டியிருந்தும் எழுந்து போகவில்லை.

உணவகத்தில் இந்தச் சங்கடம் வராது. பில் வரும், அதில் ஒரு தொகை இருக்கும், அதற்கு இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு இருக்கும். லவுஞ்சில் பில்லே கிடையாது. பணம் ஏற்கெனவே டிக்கெட்டிலோ, கிரெடிட் கார்டின் வருடக் கட்டணத்திலோ, வாசலில் கட்டிய தொகையிலோ போய்விட்டது. எதற்குச் சதவீதம் போடுவது? இலவசமாக வாங்கிய ஒன்றுக்குப் பணம் கொடுப்பதே விநோதமாக வேறு இருக்கிறது. அப்புறம் நிறைய லவுஞ்சுகளுக்குப் போய், நிறைய தப்பும் செய்து, நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது: எந்த நாட்டில் இருக்கிறேன், எனக்கென்று தனியாக ஒருவர் கை வேலை செய்தாரா. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போதும். லவுஞ்ச் எவ்வளவு பகட்டாக இருக்கிறது என்பதற்கும் டிப்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

கிளம்பும் முன்: சில்லறை நோட்டு

படிப்படியாகச் சொல்வதென்றால் முதல் படி வீட்டிலேயே இருக்கிறது. அமெரிக்கா அல்லது கனடா வழியாகப் போகிறீர்கள் என்றால் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் நோட்டு பத்து, ஐந்து டாலர் நோட்டு இரண்டு இருந்தால் ஒரு பயணத்துக்குத் தாராளம். பணம் மாற்றும் இடத்தில் கேட்காவிட்டால் நூறும் ஐம்பதுமாகத்தான் தருவார்கள். ‘சின்ன நோட்டாகக் கொடுங்கள்’ என்று வாயைத் திறந்து கேளுங்கள். கனடாவில் ஒரு டாலரும் இரண்டு டாலரும் நாணயமாகத்தான் இருக்கின்றன, நோட்டு ஐந்தில்தான் தொடங்கும். அங்கே நாணயத்தை ஜாடியில் போடுவது குறைவான மரியாதை ஆகாது.

மற்ற நாடுகளுக்கு லவுஞ்சை மனதில் வைத்துப் பணம் மாற்ற வேண்டாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

நோட்டை பர்ஸுக்குள் வைக்காமல் சட்டைப் பையிலோ, பாஸ்போர்ட் உறையின் மடிப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டிய நேரத்தில் பர்ஸைத் திறந்து, நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, சின்னது எது என்று தேடுவதைப் போல அசிங்கம் வேறில்லை. எதிரில் நிற்பவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியாது.

உள்ளே போனதும்: இது யார் நடத்தும் இடம்?

வாசலில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்பவருக்கு எந்த நாட்டிலும் டிப்ஸ் கிடையாது. இதை முதலில் முடித்துவிடுவோம். அவர் விமான நிறுவனத்தின் அல்லது லவுஞ்ச் நிறுவனத்தின் அலுவலக ஊழியர் மாதிரி. உங்கள் விமானம் தாமதமாகி, அவர் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் தட்டி வேறு விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்தாலும் பணம் நீட்டக் கூடாது. உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கையில் பணம் போனால் அதற்குப் பெயரே வேறு. அவருக்கு நன்றி சொல்ல நல்ல வழி ஒன்று இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, லவுஞ்ச் எந்த வகை என்று கவனியுங்கள். விமான நிறுவனமே நடத்துவது ஒன்று. கார்டு நிறுவனங்கள் நடத்துவது ஒன்று. பிளாசா பிரீமியம் போல யார் வேண்டுமானாலும் பணம் கட்டி நுழையக்கூடிய தனி லவுஞ்ச் இன்னொன்று. நான்காவது ஒன்றும் உண்டு: லவுஞ்ச் என்ற பெயரே இல்லாத, ஆனால் லவுஞ்ச் கார்டை ஏற்றுக்கொள்ளும் சாதாரண உணவகம். இந்த நான்காவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதற்குத் தனியாக வருவோம்.

அப்புறம் கண்ணால் ஒரு சுற்று. பார் கவுண்டரில் ஜாடி இருக்கிறதா? கியூஆர் கோடு போட்ட சின்ன அட்டை நிற்கிறதா? இல்லாவிட்டால், ‘இங்கே டிப்ஸ் ஏற்பதில்லை’ என்ற அறிவிப்பாவது இருக்கிறதா? மூன்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. எதுவும் இல்லையென்றால் பாரில் ஐந்து நிமிடம் மற்றவர்களைப் பாருங்கள். அடிக்கடி வந்து போகிறவர்கள் யார் என்பது நடையிலேயே தெரியும். அவர்கள் செய்வதைச் செய்யுங்கள்.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

விமான நிலைய லவுஞ்ச் என்பதே அமெரிக்காவில் பிறந்ததுதான். 1939இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்பைத்தான் முதல் லவுஞ்ச் என்பார்கள். டிப்ஸ் பழக்கமோ அதற்கும் மூத்தது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ஜார்ஜ் புல்மேனின் நிறுவனம் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது பெரும்பாலும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகள் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. அவர்கள் 1925இல் தொழிற்சங்கம் கட்டியதும் நீண்ட காலம் போராடியதும் தனிக் கதை. ரயில் நிலையத்தில் சிவப்புத் தொப்பி போட்டுப் பெட்டி தூக்கியவர்களை ‘ரெட்கேப்’ என்றார்கள். விமான நிலையம் வந்ததும் அதே வேலைக்கு ‘ஸ்கைகேப்’ என்று பெயர் வந்தது. சம்பளத்தில் ஒரு பங்கைப் பயணி தலையில் கட்டும் வழக்கம் அப்படியே ரயிலிலிருந்து விமானத்துக்கு ஏறிவிட்டது.

இன்றைய சட்டத்திலும் அதன் நிழல் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலை என்றால் முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். இந்தத் தொகை 1991 முதல் அதே இடத்தில் நிற்கிறது. டிப்ஸ் சேர்ந்தும் 7.25க்கு எட்டாவிட்டால்தான் மிச்சத்தை முதலாளி போட வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் இப்படிக் குறைத்துக் கொடுக்க முடியாது, முழுச் சம்பளமும் முதலாளியே தர வேண்டும். சியாட்டில் விமான நிலையம் இருக்கும் சீடாக் என்ற குட்டி நகரம் 2013இல் வாக்கெடுப்பு நடத்தி, பயணம் மற்றும் விருந்தோம்பல் துறை ஊழியர்களுக்கு மணிக்கு 15 டாலர் என்று முடிவு செய்தது.

லவுஞ்சில் வேலை செய்யும் எல்லோருக்கும் 2.13 டாலர் கணக்குதான் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஒவ்வொரு லவுஞ்சுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தம். பல இடங்களில் பாரையும் சமையலையும் பார்ப்பது விமான நிறுவனம் இல்லை, வெளி ஒப்பந்த நிறுவனம். உங்கள் எதிரில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அங்கே வழக்கத்தைப் பின்பற்றுவதே சுலபம் என்கிறேன்.

அமெரிக்கா, கனடா: இடத்துக்கு இடம்

பாரிலிருந்து ஆரம்பிப்போம், கேள்வி அதிகம் வருவது அங்கேதான். ஒரு பானத்துக்கு ஒரு டாலர். பல பொருள் சேர்த்துக் கலக்கி, குலுக்கி, நேரம் எடுத்துச் செய்யும் காக்டெயில் என்றால் இரண்டு. மது இல்லாத பானத்துக்கும் இதே கணக்குதான். எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாவைக் கையில் எடுத்துக் கொடுக்கவும் அதே ஆள்தான் வேண்டும். நீண்ட நேரம் பாரிலேயே உட்காரப் போகிறீர்கள் என்றால், முதல் பானத்தோடேயே ஐந்து டாலரை வைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் பைக்குள் கை விட வேண்டாம். இதில் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது: கூட்டம் நெருக்கும்போது உங்கள் காலிக் கிளாஸ் அவர் கண்ணில் சீக்கிரம் படும்.

பல அமெரிக்க லவுஞ்சுகளில் சாதாரண வகை மது இலவசம், உயர்தர வகைக்குத் தனியாகக் காசு. அப்படி வாங்கினால் பில் வரும், அதன் கீழே டிப்ஸ் தொகையை எழுத ஒரு கோடும் வரும். அது உணவகக் கணக்கு, 15 முதல் 20 சதவீதம்.

பஃபேயில் நீங்களே தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டால் எதுவும் வேண்டாம். காபி இயந்திரத்தில் நீங்களே பட்டனை அழுத்தினாலும் அப்படியே. தட்டு எடுக்க வருபவர் விஷயத்தில் வழக்கம் என்று ஒன்று இல்லை, பெரும்பாலானோர் கொடுப்பதில்லை. என் சொந்தப் பழக்கத்தைச் சொல்கிறேன். குழந்தைகளோடு உட்கார்ந்து மேஜையை அலங்கோலம் செய்துவிட்டுக் கிளம்பும்போது, அதைத் துடைப்பவர் கையில் இரண்டு டாலர் கொடுத்துவிடுவேன். மேஜையில் வைத்துவிட்டுப் போனால் மறந்துவைத்த பணம் என்று நினைத்து மேலாளரிடம் ஒப்படைத்துவிட வாய்ப்பு உண்டு. லவுஞ்சில் எல்லோரும் பையையும் போனையும் மறந்துவிட்டுப் போகிறவர்கள். அங்கே கிடக்கும் பொருளை எடுப்பதில் ஊழியர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

மேஜைக்கே வந்து ஆர்டர் எடுத்து, தட்டில் கொண்டுவந்து வைக்கும் லவுஞ்சுகளும் இருக்கின்றன. பில் இல்லாததால் சாப்பாட்டின் மதிப்பை மனக்கணக்கு போட வேண்டியதில்லை. ஆளுக்கு மூன்று முதல் ஐந்து டாலர் வைத்தால் கௌரவமாக இருக்கும்.

ஷவர் அறைக்குச் சாவி கொடுத்து, துண்டு மாற்றி வைப்பவருக்குப் பலரும் எதுவும் கொடுப்பதில்லை. இரண்டு டாலர் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் தப்பில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் குளித்துவிட்டு வெளியே வந்ததும் அடுத்தவர் நுழைவதற்குள் அந்த அறையின் தரை, கண்ணாடி, வடிகால் எல்லாவற்றையும் ஒரே ஆள் துடைத்து உலர்த்தியாக வேண்டும். வெளியே நாலு பேர் பெயர் கொடுத்துக் காத்திருப்பார்கள். ஈரத் துண்டுகளைத் தரையில் வீசாமல் ஒரே இடத்தில் போட்டுவிட்டு வருவதை அந்த ஆள் இரண்டு டாலரை விடவும் விரும்பலாம்.

மசாஜ், முக அலங்காரம் போன்றவை இலவசமாகக் கிடைத்தால், அதே சேவை வெளியே விற்கும் விலையில் 15 முதல் 20 சதவீதம். விலைப்பட்டியல் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் பதினைந்து நிமிட மசாஜுக்கு ஐந்து டாலருக்குக் குறையாமல் கொடுங்கள். முழு லவுஞ்சிலும் உங்களுக்காக ஒருவர் அதிகம் உடல் உழைப்பைக் கொடுப்பது இங்கேதான். இலவசம் என்ற சொல்லைக் கேட்டு மறந்துபோவதும் இங்கேதான்.

லவுஞ்ச் கார்டை ஏற்கும் உணவகம்

பிரையாரிட்டி பாஸ் போன்ற லவுஞ்ச் அட்டைகள் சில விமான நிலைய உணவகங்களிலும் செல்லும். ஆளுக்கு இத்தனை டாலர் வரை பில்லில் கழித்துவிடுவார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் இது 28 டாலர். எந்த வங்கி கொடுத்த அட்டை என்பதைப் பொறுத்து இந்தச் சலுகையே இல்லாமலும் போகலாம், அதனால் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இது லவுஞ்ச் இல்லை, முழு உணவகம். பரிமாறுபவருக்கு நீங்கள் அட்டைக்காரரா, காசு கொடுப்பவரா என்பதில் வேலை வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் பில் வரும்போது வித்தியாசம் வந்துவிடுகிறது. எப்படி என்று பாருங்கள். இரண்டு பேர் 70 டாலருக்குச் சாப்பிடுகிறீர்கள். அட்டை 56 டாலரைக் கழித்துவிடுகிறது. மீதி 14. கார்டு இயந்திரம் அந்த 14க்குத்தான் சதவீதம் போட்டுக் காட்டும்: 20 சதவீதம் என்றால் 2 டாலர் 80 சென்ட். தாராளமாகக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு பட்டனை அழுத்துகிறீர்கள். பரிமாறியவர் செய்ததோ 70 டாலர் வேலை. அவருக்குச் சேர வேண்டியது 14 டாலர். அட்டையே முழுப் பில்லையும் விழுங்கிவிட்டால் இன்னும் மோசம், திரையில் டிப்ஸ் கேள்வியே வராது. எழுந்து போய்விடுவோம்.

ஆகவே கழிப்பதற்கு முந்தைய தொகையைப் பாருங்கள். பில்லின் மேல் பகுதியில் இருக்கும். அதில் 15 முதல் 20 சதவீதத்தை ரொக்கமாகவோ, ‘வேறு தொகை’ என்ற பட்டனை அழுத்தியோ கொடுங்கள். அந்தக் கழிவுத் தொகைக்குள் வழக்கமாக டிப்ஸ் அடங்காது, மிச்சம் இருந்தாலும்கூட. முதன்முறை நான் இதில் ஏமாந்ததில்லை, ஏமாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு டாலர் சொச்சம் கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறி, இருக்கைப் பட்டையைப் போட்ட பிறகுதான் கணக்கு உறைத்தது.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ அல்லது தானியங்கி டிப்ஸ் என்று 18 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்ந்திருந்தால் மேலே எதுவும் வேண்டாம். கார்டு இயந்திரம் அதைப் பற்றிக் கவலைப்படாமல் மறுபடியும் கேட்கும், அழுத்திவிடாதீர்கள்.

ஜப்பான் முதல் ஐரோப்பா வரை

ஜப்பானில் கொடுக்காதீர்கள். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையமோ ஹனேடாவோ, எந்த லவுஞ்ச் ஆனாலும் சரி. மேஜையில் வைத்துவிட்டு வந்தால் நடைபாதை வரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள், அவர்களுக்கும் அலைச்சல், உங்களுக்கும் கூச்சம். வேலையைச் சரியாகச் செய்வது கடமை, அதற்குத் தனிக்கூலி எதற்கு என்பது அங்கே உள்ள எண்ணம். ஜப்பானிய லவுஞ்சுகளில் ஒரு பீர் இயந்திரம் இருக்கும். கிளாஸை வைத்துப் பட்டனை அழுத்தினால் அதுவே கிளாஸைச் சாய்த்து, பீரை ஓரமாக வழியவிட்டு, நிமிர்த்தி, கடைசியில் அளவாக நுரையை ஊற்றி முடிக்கும். தேர்ந்த பார்காரர் செய்கிற அதே வேலை. பட்டனை அழுத்தியதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. தென் கொரியாவிலும் சீனாவிலும் கொடுக்கும் வழக்கம் இல்லை. சிங்கப்பூரில் உணவகப் பில்லிலேயே பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்ந்துவிடும், லவுஞ்சில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சம்பளமே போதுமான அளவில் வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் வகுப்பு லவுஞ்சில் மெனு கொடுத்துப் பரிமாறினாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தால் போதும்.

ஐரோப்பாவில் லவுஞ்ச் என்றால் பெரும்பாலும் நாமே எடுத்துக்கொள்வதுதான், அதனால் கேள்வியே எழாது. பிரான்ஸில் விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடக்கம். ஜெர்மனியில் உணவகத்தில் பில்லை அடுத்த முழுத் தொகைக்குக் கூட்டிக் கொடுப்பார்கள், லவுஞ்சில் அதுவும் தேவையில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் லுஃப்தான்சா 2004இல் திறந்த முதல் வகுப்புத் தனி முனையத்தில் உங்களுக்கென்று ஓர் உதவியாளர், விமானத்தின் படிக்கட்டு வரை கார் என்று ராஜோபசாரம் நடக்கும். அங்கேயும் ஓட்டுநர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பகட்டுக்கும் டிப்ஸுக்கும் சம்பந்தமில்லை என்றேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஓர் அமெரிக்க விமான நிலையத்தின் இடுக்கு லவுஞ்சில் பிளாஸ்டிக் டம்ளரில் வாங்கிய பீருக்கு ஒரு டாலர் வைக்கிறோம், இங்கே விமானப் படிக்கட்டு வரை கார் வந்தும் ஒன்றும் வைப்பதில்லை.

பிரிட்டனில் பார் கவுண்டரில் வாங்கும் பானத்துக்குக் கொடுக்கும் வழக்கமே இல்லை. மேஜைக்கு வந்து பரிமாறும் லவுஞ்சில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அங்கே 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி டிப்ஸ் முழுவதையும் முதலாளி ஊழியர்களுக்கே தந்தாக வேண்டும்.

வளைகுடா விமான நிலையங்கள் கொஞ்சம் நுணுக்கமானவை. துபாயிலும் தோஹாவிலும் உங்களுக்குப் பரிமாறுபவர் பெரும்பாலும் வேறொரு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். கேட்க மாட்டார்கள், எதிர்பார்த்து நிற்கவும் மாட்டார்கள். கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்களாகக் கொடுக்க நினைத்தால் மற்றவர் கண்ணில் படாமல் கொடுங்கள். வாங்கக் கூடாது என்ற விதி உள்ள இடமாக இருந்தால், மேற்பார்வையாளர் பார்வையில் நீட்டிய உங்கள் நோட்டு அவருக்கு வம்பாக முடியும்.

எப்படிக் கொடுப்பது

பேச்சு குறைவாக இருக்கட்டும். பானத்தை வாங்கிக்கொள்ளுங்கள், நோட்டை ஜாடியிலோ கவுண்டர் மேலோ வையுங்கள், நன்றி சொல்லுங்கள், நகருங்கள். அவர் பார்க்கும்போது போட வேண்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை, அவர்கள் பார்த்துவிடுவார்கள், பார்க்காத மாதிரி இருப்பதும் அவர்களுடைய தொழில் மரியாதை.

பெரிய நோட்டுதான் இருக்கிறது என்றால் ஜாடியிலிருந்து சில்லறை எடுத்துக்கொள்ளக் கேட்காதீர்கள். ‘இதைச் சில்லறையாக மாற்றித் தர முடியுமா?’ என்று பார்காரரிடமே கேட்கலாம், பெரும்பாலும் முகம் மலர்ந்து மாற்றிக் கொடுப்பார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அன்று எனக்கு இது தோன்றவில்லை.

கியூஆர் அட்டை இருந்தால் ஸ்கேன் செய்து, பணம் யாருக்குப் போகிறது என்ற பெயரை ஒருமுறை படியுங்கள். அச்சிட்ட அட்டையின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். திரையில் முதலிலேயே ஒரு பெரிய தொகை தேர்வாகி நிற்கும், ஒரு சோடாவுக்கு ஐந்து டாலர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கார்டு என்றால் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா என்று இயந்திரம் கேட்கும். உள்ளூர்ப் பணம் என்பதையே அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

ரொக்கமா கார்டா என்றால் என் ஓட்டு ரொக்கத்துக்கு. அமெரிக்காவில் முதலாளியும் மேலாளர்களும் ஊழியரின் டிப்ஸை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் சட்டம் தெளிவாகிவிட்டது. ஆனால் கார்டில் கொடுத்தால் அந்தப் பரிவர்த்தனைக் கட்டணத்தின் பங்கைக் கழிக்க மத்திய சட்டம் அனுமதிக்கிறது.

வேறு நாட்டுப் பணத்தைக் கொடுக்கலாமா? நோட்டு என்றால் சமாளித்துக்கொள்வார்கள். நாணயம் வேண்டவே வேண்டாம். பணம் மாற்றும் கவுண்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தை வாங்குவதில்லை. உங்கள் பையின் பாரத்தை அவர் பைக்கு மாற்றியதுதான் மிச்சம். கையில் தங்கிய நாணயங்களுக்கு வேறு இடம் இருக்கிறது: யுனிசெஃப் 1987 முதல் சில விமான நிறுவனங்களோடு சேர்ந்து மிச்ச நாணயங்களைச் சேகரிக்கிறது. விமானத்தில் உறை கொடுத்தால் அதில் போட்டுவிடுங்கள்.

மறுத்தால்? ஒருமுறை மட்டும் ‘பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லலாம். இரண்டாவது தடவையும் மறுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் திணிப்பது, சட்டைப் பையில் செருகுவது எல்லாம் வேண்டாம்.

பணம் செல்லாத இடத்தில்

முகப்பு மேஜை ஊழியருக்கு நன்றி சொல்ல வழி இருக்கிறது என்றேன். அவர் சட்டையில் குத்தியிருக்கும் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் கருத்துப் படிவத்தில் நாலு வரி எழுதுங்கள். ‘எல்லோரும் நன்றாக நடந்துகொண்டார்கள்’ என்று பொதுவாக எழுதினால் அது யாருக்கும் போய்ச் சேராது. எந்த விமான நிலையம், எந்த லவுஞ்ச், எந்தத் தேதி, என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். டிப்ஸ் வாங்காத நாடுகளில் இதற்கு மதிப்பு அதிகம்.

லவுஞ்சுக்கு வெளியே இரண்டு பேர்

லவுஞ்ச் வாசல் வரை சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வருபவரை நாம் லவுஞ்ச் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்த உதவி பயணியின் உரிமை. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். டிப்ஸ் கொடுத்தால்தான் தள்ளுவேன் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் அமெரிக்காவில் ஐந்து டாலர் கொடுப்பது பரவலான பழக்கம். பாதுகாப்புச் சோதனையைக் கடக்க உதவி, கழிவறை வாசலில் காத்திருந்து, லவுஞ்சில் விட்டு, விமான நேரத்துக்கு மறுபடி வந்து அழைத்துப்போவது வரை ஒரே ஆள் செய்தால் பத்து கொடுங்கள். வழியில் ஆள் மாறுவார்கள், கவனம். கடைசியில் வருபவருக்கு மொத்தமாகக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தால் முதலில் தள்ளியவருக்கு ஒன்றும் போகாது. ஒவ்வொருவரும் விடைபெறும்போது அவரவருக்கு.

வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் ஸ்கைகேப்புக்கு அமெரிக்காவில் ஒரு பெட்டிக்கு இரண்டு டாலர். விமானத்துக்குள் பணிப்பெண்களுக்கு வேண்டாம், பெரும்பாலான நிறுவனங்கள் வாங்கவிடுவதில்லை. ஃபிரான்டியர் என்ற அமெரிக்க நிறுவனம் மட்டும் உணவு விற்கும்போது திரையில் டிப்ஸ் கேட்கும். 2019 முதல் அது பரிமாறியவருக்கே நேராகப் போகிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

இப்போது என் பாஸ்போர்ட் உறைக்குள் நாலாக மடித்த ஒரு டாலர் நோட்டுகள் எப்போதும் ஏழெட்டு இருக்கும். போன பயணத்தில் ஒரு லவுஞ்ச் பாரில் எனக்குப் பின்னால் நின்ற இளைஞர் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ‘எனக்கு ஒரு சோடா, இவருக்கு என்ன வேண்டுமோ அது’ என்று சொல்லி இரண்டு டாலரை ஜாடியில் போட்டேன்.